மோட்டாருக்குக் கேட்கிற கேள்வியை உடம்பு மெஷினுக்கும் கேளுங்க

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போனால் என்ன நடக்கும் என்று நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் தெரிந்த எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போவார். எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ், ஆயிரம் அடியில் இறக்கினால் எவ்வளவு தண்ணி தள்ளும், காப்பர் வைண்டிங்தானா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, காயில் போனால் யார் கட்டித் தருவது என்று வரிசையாகக் கேட்பார். கடைக்காரர் தொண்டைத் தண்ணி வத்தப் பதில் சொன்ன பிறகு, "பக்கத்துத் தோட்டத்துல இதே மோட்டார் போட்டிருக்காங்க, எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வாங்காமலே வந்துவிடுவார்.

இருக்க வேண்டியதுதான். 1937லேயே ஜி.டி. நாயுடு உள்நாட்டில் எலெக்ட்ரிக் மோட்டார் செய்து காட்டிய ஊர். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பம்பு செட்டை டெஸ்ட் பண்ணிச் சான்றிதழ் கொடுக்க சிட்டார்க் என்று தனியாக ஒரு நிறுவனமே இங்கே இருக்கிறது. மெஷின் விஷயத்தில் நம்ம ஆட்களை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஆனால் அதே மனிதருக்குத் தோலில் ஒரு தீராத நோய் வந்து, அதற்கு ஒரு மெஷினை யாராவது கொண்டுவந்து நீட்டினால், ஒரு கேள்வி கூடக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். காந்தப் படுக்கை, அயனி டாலர், அதிர்வெண் பெட்டி, சக்தித் தட்டு... பெயர்தான் வேறு வேறு. இது ஏன் நடக்கிறது, இதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கங்க :)

முதலில் நோயைப் பற்றி

நான் சொல்லப்போவது சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், தலை, முதுகு என்று சிவந்த திட்டுகள் வரும், மேலே வெள்ளி நிறத்தில் செதில் உதிரும். நம் தோலின் மேல் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர வழக்கமாக ஒரு மாதம் போல ஆகும். இந்த நோயில் அது ஒரு வாரத்துக்குள் நடந்துவிடுகிறது. அவசர அவசரமாக வந்த செல்கள் ஒழுங்காக உதிர முடியாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொள்கின்றன. இதற்குப் பின்னால் இருப்பது நம் நோய் எதிர்ப்புச் சக்தியேதான். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய படை, சொந்தத் தோலையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. பரம்பரைக் காரணமும் உண்டு. தொண்டைப் புண், மன அழுத்தம், குடி, சில மாத்திரைகள் என்று தூண்டிவிடும் விஷயங்களும் உண்டு.

இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று, இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தொட்டாலும் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. இரண்டு, இதை அடியோடு ஒழிக்கும் மருந்து எந்த மருத்துவத்திலும் இன்றுவரை இல்லை. ஆனால் நன்றாகக் கட்டுக்குள் வைக்கலாம். சிலருக்கு வருடக்கணக்கில் தோலில் ஒரு திட்டு கூட இல்லாமல் வைக்க முடியும். சர்க்கரை, பிரஷர் மாதிரி.

உலகம் முழுக்கக் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2014ல் இந்த நோய்க்காகவே ஒரு தீர்மானமும் போட்டார்கள். அதில் முக்கியமாகப் பேசப்பட்டது அரிப்போ செதிலோ இல்லை, இந்த நோய் உள்ளவர்களை மற்றவர்கள் ஒதுக்குவது.

அந்த ஒதுக்கல் எப்படி இருக்கும் என்று ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். சலூனில் "அப்பறம் வாங்ணா" என்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாற எழுந்தால், "நீ உக்காரு சாமி, பசங்க பாத்துக்குவாங்க" என்று அன்பாகவே உட்கார வைத்துவிடுவார்கள். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் முழுக்கை சட்டை. வைகாசி வெயிலிலும் முழுக்கை சட்டை. இப்படிப் பத்து வருஷம் இருந்த மனிதரிடம் போய், "இந்த மெஷினில் மூணு மாசம் படுத்தா வேரோட போயிரும்" என்று ஒருவர் சொன்னால், அவரால் ஹெச்.பி. எவ்வளவு என்று கேட்கத் தோன்றுமா? வாங்குகிறவரை முட்டாள் என்று சிரிக்கிற ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தோட்டத்துக்கு மோட்டார் வாங்கும்போது அவர் முதலாளி. உடம்புக்கு மெஷின் வாங்கும்போது அவர் காயம்பட்ட மனிதர். கேள்வி கேட்கிற தெம்பையே நோய் பறித்துவிடுகிறது.

எங்க மாமா கதை

எங்க மாமா ஒருத்தர் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். பத்து வருஷத்துக்கு மேலாக சொரியாசிஸ். தோல் டாக்டர் கொடுத்த மீத்தோட்ரெக்சேட் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள்தான் இருந்தது. தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டுக்கு வந்து, சூடும் காந்தமும் சேர்ந்த ஒரு பாயையும், கழுத்தில் போட ஒரு டாலரையும் கொடுத்தார். இரண்டும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல். "இது ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதுங்க மாப்ளே, மாத்திரையும் தின்னுட்டு இதுலயும் படுத்தா வேலை செய்யாது, மாத்திரையை நிறுத்திப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு மாதம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததாம். ஆறாவது மாதம் உடம்பு முழுக்கத் திட்டு. கூடவே விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டன. தறியில் இழை அறுந்தால் முடி போட முடியவில்லை. பிறகு டாக்டரிடம் போனபோது அது சொரியாசிஸோடு வரும் மூட்டு வாதம் என்றார். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இது வரலாம்.

பாயால்தான் மூட்டு வீங்கியது என்று நான் சொல்லவில்லை. அது பாய் இல்லாமலும் வந்திருக்கலாம். ஆனால் வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூட்டைக் காப்பாற்றலாம், தேய்ந்து வளைந்த பிறகு பழையபடி ஆக்க முடியாது. அந்த ஆறு மாதத்தைத்தான் பாய் தின்றுவிட்டது. "மெஷின் நல்லது பண்ணாட்டியும் கெட்டது பண்ணாதுங்களே" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை யோசிக்கணும். மெஷினின் மிகப் பெரிய பக்க விளைவு, அது நிறுத்தச் சொல்லும் மருந்து.

அப்படியானால் சிலருக்குக் குறைகிறதே, எப்படி?

இது நியாயமான கேள்வி. "எனக்குக் குறைஞ்சுதுங்க" என்று சொல்கிற எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்று காரணம் இருக்கிறது.

முதல் காரணம், இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். நாம் எப்போது புதுசாக ஒரு வைத்தியத்தைத் தேடிப் போவோம்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அடுத்தது பெரும்பாலும் இறக்கம்தான். அதோடு பலருக்குக் குளிர்காலத்தில் அதிகமாகி வெயில் காலத்தில் குறையும். மார்கழியில் மெஷின் வாங்கி சித்திரையில் தோல் தேறினால், தேற்றியது மெஷினா, சித்திரை வெயிலா?

இரண்டாவது காரணம், மெஷின் தனியாக வருவதில்லை. "குடியை நிறுத்துங்க, தேங்காய் எண்ணெய் தடவுங்க, நேரத்துக்குத் தூங்குங்க" என்று ஒரு பட்டியலோடு வருகிறது. அந்தப் பட்டியல் உண்மையிலேயே நல்லது. எண்ணெய் தடவினாலே செதில் அடங்கும். குடியை விட்டால் நோயும் கொஞ்சம் அடங்கும். பலன் பட்டியலுக்கு, பேர் மெஷினுக்கு.

மூன்றாவது காரணம், நம் எதிர்பார்ப்பு. இதைச் சோதித்துப் பார்த்த கதைகள் இருநூறு வருஷத்துக்கு முன்பே இருக்கின்றன. 1784ல் பாரிஸில் மெஸ்மர் என்பவரின் 'உயிர்க் காந்த' வைத்தியம் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. மன்னர் ஒரு விசாரணைக் குழு போட்டார். அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் மேதை லவாய்சியரும் இருந்தார்கள். தோட்டத்தில் ஒரு மரத்தை மட்டும் 'காந்த சக்தி' ஏற்றச் சொல்லிவிட்டு, 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு நான்கு மரங்களுக்கு வரிசையாக அழைத்துப் போனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மயங்கியே விழுந்துவிட்டான். சக்தி ஏற்றிய மரம் அங்கிருந்து தள்ளி நின்றுகொண்டிருந்தது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் பெர்கின்ஸ் என்ற டாக்டர் இரண்டு உலோகக் குச்சிகளுக்கு 1796ல் காப்புரிமை வாங்கினார். வலிக்கிற இடத்தில் இழுத்தால் வலி போகும் என்று விற்றார். 1799ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஹேகார்த் என்ற மருத்துவர், அதே மாதிரி மரத்தில் குச்சி செய்து உலோகம் போலப் பெயிண்ட் அடித்து ஐந்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். நாலு பேருக்கு வலி குறைந்தது! மறுநாள் நிஜ உலோகக் குச்சி. அதே பலன்தான்.

ஆக, "குறைஞ்சுது" என்பது உண்மையாகவே இருக்கலாம். "மெஷினால் குறைஞ்சுது" என்பதுதான் நிரூபிக்க வேண்டியது. அதற்கு வழி ஒன்றுதான். நிஜ மெஷினையும், பார்க்க அதே மாதிரி இருக்கும் டம்மி மெஷினையும் யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்து ஒப்பிடுவது. ஹேகார்த் மரக்குச்சியை வைத்துச் செய்தது அதைத்தான்.

எல்லா மெஷினும் பொய்யா?

இல்லவே இல்லை! இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே அரைகுறை. சொரியாசிஸுக்கு உண்மையாகவே வேலை செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அது ஒளி.

தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903ல் நோபல் பரிசு வாங்கினார். 1925ல் அமெரிக்காவில் கெக்கர்மேன் என்ற டாக்டர் தார்க் களிம்பையும் புற ஊதா ஒளியையும் சேர்த்து சொரியாசிஸுக்கு வைத்தியம் செய்தார். 1974ல் 'புவா' சிகிச்சை வந்தது. சோரலென் மாத்திரையைக் கொடுத்துவிட்டு புற ஊதா ஏ ஒளியில் நிறுத்துவார்கள். நன்றாக வேலை செய்தது, ஆனால் நிறைய தடவை எடுத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடியதும் தெரியவந்தது. 1980களில் எந்த அலைநீளம் பலன் தருகிறது, எது வெறுமனே தோலைச் சுடுகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அதன் விளைவாக 311 நானோமீட்டர் அளவில் மட்டும் ஒளி தரும் விளக்கு வந்தது. இதைத்தான் நேரோபேண்ட் யு.வி.பி. என்கிறார்கள். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில், நிற்கிற பீரோ மாதிரி, உள்ளே சுற்றிலும் டியூப்லைட் வைத்த பெட்டி ஒன்று இருக்குமே, அதுதான்.

இதில் நம்ம பக்கத்துச் சங்கதியும் இருக்கிறது. அந்த சோரலென் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் இருக்கும் பொருள்தான். கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்பது வெண்புள்ளிக்கு இந்தியாவில் பழங்கால வைத்தியம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். அந்தத் தைலம் காளாஞ்சகப்படைக்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பது. வெயிலுக்கும் தோலுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று பெரியவர்கள் கவனித்திருக்கிறார்கள். (அதற்காக யாரும் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு மத்தியான வெயிலில் நிற்காதீர்கள். கொப்புளம் கிளம்பிவிடும். அளவு தெரிந்த ஆள் வேண்டும்.)

வீட்டிலேயே வைத்து எடுக்கக்கூடிய யு.வி.பி. கருவியும் உண்டு. அது ஆஸ்பத்திரிக் கருவிக்கு ஈடாகுமா? அமெரிக்காவில் 783 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியிலும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024ல் முடிவு வந்தது. தோல் முழுக்க அல்லது ஏறக்குறைய முழுக்கத் தேறியவர்கள் வீட்டில் எடுத்தவர்களில் 32.8 சதவீதம், ஆஸ்பத்திரியில் 25.6 சதவீதம். வீட்டுக் கருவி ஒன்றும் குறைச்சல் இல்லை.

இந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 32.8. நூற்றுக்கு நூறு இல்லை, "வேரோடு போய்விடும்" இல்லை. மூன்றில் ஒருவருக்கு ஏறக்குறைய முழுசாகத் தேறியது, அவ்வளவுதான் சொல்கிறார்கள். கூடவே அலைநீளம் இவ்வளவு, வாரம் 2 அல்லது 3 தடவை, மொத்தம் 20, 30 தடவை போல ஆகும், அளவு மீறினால் தோல் சிவந்து எரியும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், லூபஸ் நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இது எப்படி இருக்கிறது? நல்ல மோட்டார் கம்பெனி கொடுக்கும் பட்டியல் மாதிரி இல்லை? இத்தனை அடியில் இத்தனை லிட்டர், இதற்கு மேல் ஓட்டினால் காயில் போகும் என்று. உண்மையான கருவிக்கு எல்லை உண்டு. விற்கிறவர் எல்லையே சொல்லவில்லை என்றால் அங்கேயே உஷாராகிவிடணும்.

மற்ற மெஷின்களுக்கு இதே கேள்வி

இப்போது தெருவில் விற்பவற்றுக்கு வருவோம். பயோ ரெசோனன்ஸ் என்று ஒரு பெட்டி. கையில் இரண்டு உலோகக் குழாயைப் பிடிக்கச் சொல்லி, உடம்பின் 'கெட்ட அதிர்வெண்ணை'த் திருப்பி அனுப்பும் என்பார்கள். 1977ல் ஜெர்மனியில் கிளம்பியது. எந்தச் செல்லின் எந்த அதிர்வெண், அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. சொரியாசிஸை இது குறைக்கும் என்று டம்மி மெஷினோடு ஒப்பிட்டுக் காட்டிய நம்பகமான ஆதாரமும் இல்லை.

அடுத்தது 'நெகட்டிவ் அயான்' டாலர். இதில் ஒரு வேடிக்கை, ஆனால் சிரிக்க முடியாத வேடிக்கை. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இந்த வகைப் பொருட்களில் 10ஐச் சோதித்து, அவற்றில் கதிரியக்கம் இருக்கிறது, யாரும் போடாதீர்கள் என்று எச்சரித்தது. அதில் டாலரும் இருந்தது, தூங்கும்போது கண்ணில் கட்டும் பட்டையும் இருந்தது, குழந்தைகள் கையில் போடும் வளையமும் இருந்தது. அயனி வருவது எப்படி என்றால், இப்படிப்பட்ட பொருட்களில் தோரியம், யுரேனியம் கலந்த தாதுப் பொடியைச் சேர்ப்பதால்தான். நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து பிரிக்கிறார்களே மோனசைட், அது மாதிரி தோரியம் உள்ள தாது. அரசாங்கம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் சரக்கை, நல்லது என்று காசு கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதை என்னவென்று சொல்ல!

சட்டம் என்ன சொல்கிறது?

1954ல் வந்த மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது. தாயத்து, மந்திரமும் அதில் அடக்கம். உடம்பின் செயல்பாட்டை மாற்றுவதாகச் சொல்லும் 'எந்தப் பொருளும்' மருந்து என்ற வரையறைக்குள் வருகிறது. அந்தப் பட்டியலில் வெண்புள்ளி உண்டு, தொழுநோய் உண்டு, லூபஸ் உண்டு. சொரியாசிஸ் இல்லை! எழுபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய பட்டியல். இந்த ஓட்டை வழியாகத்தான் "சொரியாசிஸா? கவலை வேண்டாம்" போஸ்டர்கள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தைரியமாக ஒட்டப்படுகின்றன. இந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

இன்னொரு விதியும் இருக்கிறது. 2017ல் மருத்துவக் கருவிகளுக்குத் தனி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதனால் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பவரிடம் "பதிவு எண் என்னங்க?" என்று தாராளமாகக் கேட்கலாம். ஒன்று கவனம். எண் இருந்தாலும் எதற்காகப் பதிவு செய்தது என்று பாருங்கள். தசை வலிக்குச் சூடு கொடுக்கும் கட்டில் என்று பதிவாகியிருக்கும். வாயால் விற்கும்போது சொரியாசிஸ், சர்க்கரை, குழந்தையின்மை எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

"இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா?"

கட்டாயம் இந்தக் கேள்வி வரும். வரட்டும். ஸ்டீராய்டு களிம்பைக் கடையில் தாங்களாகவே வாங்கி வருஷக்கணக்கில் தடவித் தோல் மெலிந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு இரண்டே வாரத்தில் பளபளவென்று ஆக்கி, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்த கதையும் உண்டு. மீத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனை வேண்டும், குடிக்கக் கூடாது, கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. புதுசாக வந்த உயிரிய ஊசிகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் விலை விசைத்தறிக்காரர் எட்டுகிற உயரத்தில் இல்லை.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். மேலே சொன்ன அத்தனை கெடுதலும் மருந்தோடு வரும் சீட்டிலேயே அச்சடித்து இருக்கிறது. புவா சிகிச்சையின் புற்றுநோய் அபாயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே தோல் மருத்துவர்கள்தான். தன் குறையைத் தானே எண்ணிச் சொல்கிற வைத்தியத்தை நம்புவதா, குறையே இல்லை என்கிற வைத்தியத்தை நம்புவதா?

ஆனாலும் மெஷின்காரர் ஜெயிக்கிற இடம்

ஒரு விஷயத்தில் மெஷின் கடைக்காரரைப் பாராட்டியே ஆகணும். அவர் நம் தெருவில் இருக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். உட்கார நாற்காலி போடுகிறார். தொட்டுப் பேசுகிறார். சலூன்காரர் தொடத் தயங்கும் கையை அவர் பிடித்துப் பார்க்கிறார். அந்தத் தொடுதலுக்கு 60,000 ரூபாய் கொடுத்தார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? மூலனூர்ப் பக்கமோ ஆனைமலைப் பக்கமோ இருக்கிற ஒருவர் ஒளி சிகிச்சைக்காகக் கோயமுத்தூர் வரணும். வாரம் மூன்று நாள். பெட்டிக்குள் நிற்பது சில நிமிஷம்தான், போய்வர அரை நாளுக்கு மேல். மூன்று நாள் கூலி போச்சு. இரண்டு மாசத்துக்கு எவரால் முடியும்? ஓ.பி.யில் டாக்டர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு மூன்று நிமிஷம் ஒதுக்கினால் அதிகம். அந்த இடைவெளியில்தான் மெஷின் கடை முளைக்கிறது. 2012ல் பெருந்துறை ஈமுக் கோழி கவிழ்ந்தபோது பார்த்தோமே, அங்கேயும் சொந்தக்காரர் சொல்லித்தான் சொந்தக்காரர் பணம் போட்டார். நம்ம பக்கம் நம்பிக்கை சொந்தத்தின் வழியாகத்தான் ஓடும். நல்ல சேதியையும் அதே வழியில்தான் அனுப்ப முடியும்.

அதனால் என் இரண்டாவது கோரிக்கை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி மாதிரி ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒளி சிகிச்சைப் பெட்டி வைக்க வேண்டும். விளக்கும், அளக்கும் கருவியும், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் இருந்தால் நடக்கும் காரியம். மருந்தை டாக்டர் எழுதட்டும், பெட்டியில் நிற்க மாவட்டத் தலைநகர் வரை ஏன் ஓட வேண்டும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சொரியாசிஸும் ஆயுசுக்கும் கூட வருகிற நோய்தான். அந்தப் பையில் ஒரு களிம்பும், "விரல் மூட்டு வலிக்குதுங்களா?" என்ற ஒரு கேள்வியும் சேர்ந்தால் எத்தனையோ பேரின் விரல் தப்பும்.

அதுவரைக்கும், யாராவது மெஷினோடு வந்தால் இந்த ஆறு கேள்வியைக் கேளுங்கள்.

1. இது எதை வெளிவிடுகிறது? ஒளியா, சூடா, மின்சாரமா? எவ்வளவு?
2. டம்மி மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம், எத்தனை பேருக்குக் குறைந்தது?
3. யாரெல்லாம் இதைப் பயன்படுத்தக் கூடாது? ("எல்லாரும் பயன்படுத்தலாம்" என்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.)
4. பதிவு எண் என்ன, எந்த நோய்க்காகப் பதிவு?
5. குறையவில்லை என்றால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் தருவீர்களா?
6. என் டாக்டர் கொடுக்கும் மருந்தைத் தொடரலாமா? "நிறுத்துங்க" என்று பதில் வந்தால் மற்ற ஐந்தையும் கேட்கவே தேவையில்லை.

வருகிறவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார். மூஞ்சியில் அடித்த மாதிரிப் பேச முடியாது. டீ கொடுங்கள், நாற்காலி போடுங்கள், மரியாதையாகவே கேளுங்கள். பாதிப் பேருக்கு அவர்களிடமும் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களும் பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள்தான்.

அப்புறம் உங்கள் வகுப்பிலோ தெருவிலோ முழுக்கை சட்டைக்காரர் யாராவது இருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். கை கொடுங்கள். ஒட்டாது. மெஷின்காரர் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதை நாம் சும்மாவே கொடுக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படிக்கிற பையன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். தோல் டாக்டரைப் பாருங்கள். வெட்பாலைத் தைலம்தான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்கள். இரண்டு பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம், தப்பே இல்லை :)